கொழும்பு மத்தித் தேர்தல் தொகுதி: மூன்று அங்கத்தவர் தொகுதியின் வரலாறு

(க.பொ.த. உயர்தரம் – அரசியல் விஞ்ஞானம்: இலங்கையின் தேர்தல் முறைகளும் பிரதிநிதித்துவமும் என்னும் அலகுக்கான மேலதிக விளக்கம்)

மாணவர்களே,

தேர்தல் முறை என்ற அலகைக் கற்பிக்கும்போது ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் எழுந்து, "சேர், எங்கட தொகுதிக்கு எம்.பி. யார்?" என்று கேட்பதுண்டு. கேட்பவர் பெரும்பாலும் புதுக்கடை, வாழைத்தோட்டம், மருதானை, மாளிகாவத்தை போன்ற பகுதிகளில் வசிப்பவராக இருப்பார். நேர்மையான விடை, "யாரும் இல்லை" என்பதே. கொழும்பு மாவட்டத்துக்குப் பல பாராளுமன்ற உறுப்பினர்கள் உள்ளனர். ஆனால் கொழும்பு மத்தி என்ற தொகுதிக்கென ஓர் உறுப்பினர் இல்லை. ஆயினும் அதே தொகுதிக்கு ஒரு காலத்தில் ஒருவரல்ல, மூவர் இருந்தனர். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்பவற்றை விளங்கிக்கொண்டால், தேர்தல் முறை பற்றிய வினாக்களிற் பாதிக்கு விடை எழுதிவிடலாம். ஆகவே இவ்விளக்கத்தை மனனம் செய்யாமல், காரண காரியத் தொடர்போடு வாசிக்கவும்.

1. தொகுதியின் இயல்பு

கொழும்பு மத்தி நகரின் உட்பகுதியில் அமைந்த தொகுதியாகும். இதன் எல்லைகள் வெவ்வேறு எல்லை நிர்ணயங்களின்போது மாறியுள்ளன. எனினும் புறக்கோட்டை வர்த்தகப் பகுதியையும் அதைச் சூழ்ந்த தொழிலாளர் குடியிருப்புகளையும் மையமாகக் கொண்டது என்ற இயல்பு மாறவில்லை. பரப்பளவில் மிகச் சிறியது, சனச்செறிவில் மிகக் கூடியது.

இங்கு வாழ்வோர் ஓரினத்தவர் அல்லர். சோனகர், மலாயர், தமிழர், சிங்களவர் ஆகியோர் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். துறைமுகத் தொழிலாளி, நாட்டாமை, கடைச் சிப்பந்தி, சிறு வியாபாரி, மொத்த வியாபாரி, எழுதுவினைஞர், சட்டத்தரணி எனத் தொழில்களும் பலவாகும். எனவே இத்தொகுதியில் இருவகைப் பிளவுகள் ஒருங்கே செயற்பட்டன.

(அ) இன, மத அடிப்படையிலான பிளவு
(ஆ) வர்க்க அடிப்படையிலான பிளவு

இவற்றுள் எது வாக்கைத் தீர்மானித்தது என்ற வினாவுக்கு ஒரே விடை கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் அது மாறியது. இதுவே இத்தொகுதியைக் கற்பதற்குரியதாக ஆக்குகிறது.

2. சோல்பரி யாப்பும் பல அங்கத்தவர் தொகுதிகளும்

1931 இல் டொனமூர் யாப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டு, இனவாரிப் பிரதிநிதித்துவம் நீக்கப்பட்டுப் பிரதேசவாரிப் பிரதிநிதித்துவம் ஏற்படுத்தப்பட்டது. இதனால் எந்தப் பிரதேசத்திலும் பெரும்பான்மையாக இல்லாத சிறுபான்மையினர் தமக்குப் பிரதிநிதி கிடைக்குமா என அஞ்சினர். இவ்வச்சத்தைக் குறைப்பதற்குச் சோல்பரி யாப்பு சில ஏற்பாடுகளைச் செய்தது. அவை:

• சனத்தொகையில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு, மாகாணத்தின் 1,000 சதுர மைலுக்கு ஒரு மேலதிக ஆசனம் வழங்கப்பட்டமை. சனத்தொகை குறைந்த, பரப்பளவு கூடிய வடக்கு, கிழக்கு போன்ற மாகாணங்களுக்கு இது சாதகமாக அமைந்தது.
• இனம், மதம் முதலியவற்றால் பொது நலன் கொண்ட மக்கள் செறிந்து வாழும் இடங்களை எல்லை நிர்ணய ஆணைக்குழு கவனத்தில் எடுக்கலாம் என்றமை.
• தேவையான இடங்களில் இரண்டு அல்லது மூன்று உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் பல அங்கத்தவர் தொகுதிகளை உருவாக்கலாம் என்றமை.
• போதிய பிரதிநிதித்துவம் பெறாத நலன்களுக்காக ஆறு நியமன உறுப்பினர்களுக்கு இடமளித்தமை.

இதன்படி 1947 தேர்தலுக்கு 89 தொகுதிகளிலிருந்து 95 உறுப்பினர்கள் தெரிவுசெய்யப்படவிருந்தனர். 84 தொகுதிகள் தனி அங்கத்தவர் தொகுதிகளாகும். அம்பலாங்கொடை–பலப்பிட்டி, பதுளை, பலாங்கொடை, கடுகண்ணாவை ஆகிய நான்கும் இரட்டை அங்கத்தவர் தொகுதிகளாகும். மூன்று அங்கத்தவர் தொகுதியாக இருந்தது கொழும்பு மத்தி ஒன்று மட்டுமே.

ஞாபகத்தில் கொள்க: 84 + (4 × 2) + 3 = 95. இதனுடன் நியமன உறுப்பினர் 6 பேரையும் சேர்த்தால் மக்கள் பிரதிநிதிகள் சபையின் மொத்த உறுப்பினர் தொகை 101 ஆகும்.

3. மூன்று வாக்குகள் எவ்வாறு அளிக்கப்பட்டன?

பெரும்பாலான மாணவர்கள் பிழைவிடும் இடம் இதுவாகும். மூன்று அங்கத்தவர் தொகுதி என்றால், வாக்காளர் ஒருவருக்கு ஒரு வாக்கு, முதல் மூன்று இடங்களைப் பெறுவோர் வெற்றி என எழுதுகின்றனர். இது தவறு.

எத்தனை உறுப்பினர்கள் தெரிவாக வேண்டுமோ, அத்தனை வாக்குகள் ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. எனவே கொழும்பு மத்தியில் ஒருவருக்கு மூன்று வாக்குகள். அவற்றை அவர் மூன்று வேட்பாளருக்கு ஒவ்வொன்றாக அளிக்கலாம். ஒருவருக்கு இரண்டும் மற்றொருவருக்கு ஒன்றும் அளிக்கலாம். மூன்றையும் ஒரே வேட்பாளருக்கே அளிக்கவும் முடியும். இந்த இறுதி வழியே சிறுபான்மையினருக்குக் கிடைத்த ஆயுதமாகும்.

கற்பனை எண்கள் கொண்ட ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

வாக்களித்தோர் 40,000 பேர் எனக் கொள்வோம். மொத்த வாக்குகள் 1,20,000 ஆகும். இவர்களுள் 10,001 பேர் கொண்ட ஒரு குழுவினர் தமது மூன்று வாக்குகளையும் ஒரே வேட்பாளருக்கு அளிக்கின்றனர். அவர் பெறும் வாக்குகள் 30,003. எஞ்சிய 29,999 பேரிடமும் 89,997 வாக்குகள் உள்ளன. அவர்கள் தமது மூன்று வேட்பாளருக்கும் சமமாகப் பகிர்ந்தளித்தால், ஒவ்வொருவருக்கும் 29,999 வாக்குகளே கிடைக்கும். ஆகவே சிறு குழுவின் வேட்பாளரே முதலாவது உறுப்பினராகத் தெரிவாவார். மற்றைய குழுவினர் தமது மூவருள் இருவரை மட்டுமே சபைக்கு அனுப்பலாம்.

அதாவது, தொகுதி வாக்காளருள் காற்பங்குக்குச் சற்று மேற்பட்டோர் ஒற்றுமையாக வாக்களித்தால், ஏனையோர் எவ்வளவு கட்டுப்பாட்டோடு வாக்களித்தாலும் ஓர் ஆசனத்தை அவர்களிடமிருந்து பறிக்க முடியாது. இதே 10,001 பேர் தனி அங்கத்தவர் தொகுதியொன்றில் இருந்திருந்தால், எதிரணி ஒன்றுபட்டு நிற்கும் வரை அவர்களுக்கு எதுவும் கிடைத்திராது.

இம்முறையில் கட்சிகளுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு கட்சி எத்தனை வேட்பாளரை நிறுத்துவது? குறைவாக நிறுத்தினால் கிடைக்கக்கூடிய ஆசனம் ஒன்று கைநழுவும். கூடுதலாக நிறுத்தினால் வாக்குகள் சிதறி, உள்ளதும் போகும். எனவே தமது ஆதரவாளர் தொகையைச் சரியாகக் கணித்த கட்சியே இங்கு நிலைத்தது.

குறிப்பு: பல அங்கத்தவர் தொகுதிகளின் பழைய தேர்தல் முடிவுகளைப் பார்க்கும்போது, வேட்பாளர் பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகை பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகையிலும் கூடுதலாக இருப்பதைக் காணலாம். அது அச்சுப் பிழையன்று. காரணம் மேலே கூறப்பட்டது.

4. தேர்தல் வரலாறு: 1947 – 1977

4.1 1947: மூன்று வேறுபட்ட தெரிவுகள்

முதலாவது பொதுத்தேர்தலில் தெரிவான மூவரையும் நோக்கினால், இத்தொகுதியின் இயல்பு முழுவதும் விளங்கும்.

ஏ. ஈ. குணசிங்க: தொழிற் கட்சியின் தலைவர். 1923 ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம், 1929 ஆம் ஆண்டின் ட்ராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஆகியவற்றால் நகரத் தொழிலாளரின் பெருந்தலைவராக உயர்ந்தவர். உயர்குழாத் தலைவர்கள் பலர் சர்வசன வாக்குரிமையை விரும்பாத காலத்தில் அதை வேண்டி நின்றவர். அரசாங்க சபைக் காலத்திலேயே கொழும்பு மத்தியைப் பிரதிநிதித்துவப்படுத்தியவர். எனினும் 1930களில் பொருளாதார மந்தத்தால் வேலையின்மை ஏற்பட்டபோது, மலையாளித் தொழிலாளருக்கு எதிரான பிரசாரத்தில் ஈடுபட்டார் என்பதையும் விடையில் சுட்டிக்காட்ட வேண்டும். வர்க்க ஒற்றுமையை வளர்த்த தலைவரே இன உணர்வையும் பயன்படுத்தினார்.

ரி. பி. ஜாயா: மலாய் சமூகத்தவர். மருதானையிலுள்ள ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக 1921 முதல் 1948 வரை கடமையாற்றியவர். ஐக்கிய தேசியக் கட்சியைச் சார்ந்த இவர், டி. எஸ். சேனாநாயக்காவின் அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார். 1950 இல் பாகிஸ்தானுக்கான உயர்ஸ்தானிகராக நியமிக்கப்பட்டார்.

பீற்றர் கெனமன்: பறங்கியர் சமூகத்தவர். உயர்நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் மகன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கற்று, அங்குள்ள மாணவர் ஒன்றியத்தின் தலைவராக விளங்கியவர். 1943 இல் அமைக்கப்பட்ட இலங்கைக் கொமியூனிஸ்ட் கட்சியின் முன்னணித் தலைவர்.

இங்கு ஓர் உண்மையைக் கவனிக்கவும். தொகுதியில் பறங்கியரின் தொகை சொற்பமானது. கெனமன் இன அடிப்படையில் வென்றவர் அல்லர். துறைமுகத் தொழிலாளரும் ஏனைய உழைப்பாளரும் இன வேறுபாடின்றி அளித்த வாக்குகளால் வென்றார். எனவே, "பல அங்கத்தவர் தொகுதிகள் இனச் சிறுபான்மைக்கு மட்டுமே உதவின" என்று எழுதுவது முழுமையற்ற விடையாகும். அவை கருத்துச் சிறுபான்மைக்கும் உதவின.

4.2 குடியுரிமைச் சட்டங்களின் தாக்கம்

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் திருத்தச் சட்டமும் இந்திய வம்சாவளி மக்களில் மிகப் பெரும்பாலானோரின் வாக்குரிமையைப் பறித்தன. இதை மலையகத்தோடு மட்டும் தொடர்புபடுத்தி எழுதுவது வழக்கம். கொழும்பு நகரிலும் துறைமுகம், நகர சுத்திகரிப்பு, கடைகள் ஆகியவற்றில் வேலை செய்த இந்திய வம்சாவளியினர் கணிசமாக வாழ்ந்தனர். அவர்களுள் பலரின் பெயர்களும் தேருநர் இடாப்பிலிருந்து நீங்கின.

பல அங்கத்தவர் தொகுதி என்ற பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, அதைப் பயன்படுத்துவதற்கான வாக்கே இல்லாமற் போவது எத்தகைய நிலை என்பதைச் சிந்தியுங்கள். எந்தத் தேர்தல் முறையும் இடாப்பில் பெயர் உள்ளவருக்கே பயன்படும்.

4.3 1952, 1956

1952 தேர்தலில் சேர் ராசிக் பரீட் இத்தொகுதியிலிருந்து தெரிவானார். சோனகர் சமூகத்தின் முக்கிய தலைவரான இவர், அதற்கு முன்னர் செனற் சபை உறுப்பினராக இருந்தவர். கெனமன் தமது ஆசனத்தைத் தக்கவைத்தார்.

1956 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி நாடெங்கும் பெருவெற்றி பெற்றது. கொழும்பு மத்தியில் எம். எஸ். தேமிஸ் தெரிவானவர்களுள் ஒருவராவார். கெனமன் மீண்டும் வென்றார்.

4.4 1960 – 1970: பிரேமதாசவின் எழுச்சி

1959 எல்லை நிர்ணயத்தின்படி தொகுதிகள் 145 ஆகவும், தெரிவுசெய்யப்படும் உறுப்பினர் 151 ஆகவும் அதிகரித்தன. கொழும்பு தெற்கு, அக்குறணை, மட்டக்களப்பு, மூதூர் என்பன இரட்டை அங்கத்தவர் தொகுதிகளாயின. கொழும்பு மத்தி தொடர்ந்தும் மூன்று அங்கத்தவர் தொகுதியாகவே இருந்தது.

இக்காலப்பகுதியின் முக்கிய பாத்திரம் ஆர். பிரேமதாச ஆவார். 1924 இல் வாழைத்தோட்டத்தில் பிறந்த இவர், குணசிங்கவின் தொழிற் கட்சியில் அரசியலைத் தொடங்கிக் கொழும்பு மாநகர சபை உறுப்பினரானார். பின்னர் ஐக்கிய தேசியக் கட்சியில் இணைந்தார். 1956 இல் ருவன்வெல்லைத் தொகுதியில் கலாநிதி என். எம். பெரேராவை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். 1960 மார்ச் தேர்தலில் தமது சொந்த மண்ணான கொழும்பு மத்தியில் வென்றார். அதே ஆண்டு ஜூலைத் தேர்தலில் தோற்றார். 1965 இல் மீண்டும் வென்று, 1968 இல் உள்ளூராட்சி அமைச்சரானார்.

நான்கு மாத இடைவெளியில் வெற்றியும் தோல்வியும் வந்தமை, இத்தொகுதி எவருக்கும் நிரந்தரச் சொத்தாக இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

1970 தேர்தல் பரீட்சை நோக்கில் மிக முக்கியமானது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாஜக் கட்சி, கொமியூனிஸ்ட் கட்சி ஆகியவற்றின் ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுவதிலும் 17 ஆசனங்களையே பெற்றது. அந்த 17 இல் இரண்டு கொழும்பு மத்தியிலிருந்து வந்தவையாகும். பிரேமதாசவும் பலீல் கபூரும் அவற்றை வென்றனர். மூன்றாவது ஆசனத்தைப் பெற்ற கெனமன் வீடமைப்பு, நிர்மாணத்துறை அமைச்சரானார். இவ்வாறு ஆளுங்கட்சியின் அமைச்சரும் எதிர்க்கட்சியின் முன்னணி உறுப்பினரும் ஒரே தொகுதியின் பிரதிநிதிகளாக இருந்தனர். வீடில்லாப் பிரச்சினை மிகக் கடுமையாக இருந்த தொகுதியிலிருந்தே வீடமைப்பு அமைச்சர் வந்தமையும் கவனத்திற்குரியது. 1977 இன் பின்னர் பிரேமதாசவும் வீடமைப்பையே தமது முதன்மை வேலைத்திட்டமாகக் கொண்டார். தொகுதியின் தேவை அதன் உறுப்பினரின் அரசியலை எவ்வாறு வடிவமைக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

4.5 1977: இறுதித் தொகுதிவாரித் தேர்தல்

1972 ஆம் ஆண்டின் முதலாம் குடியரசு யாப்பு நியமன உறுப்பினர் முறையை நீக்கியது. 1976 எல்லை நிர்ணயத்தின்படி 160 தொகுதிகளும் 168 உறுப்பினர்களும் ஏற்படுத்தப்பட்டன. மூன்று அங்கத்தவர் தொகுதிகள் இரண்டாயின: கொழும்பு மத்தி, நுவரெலியா–மஸ்கெலியா. ஹாரிஸ்பத்துவ, பேருவளை, மட்டக்களப்பு, பொத்துவில் என்பன இரட்டை அங்கத்தவர் தொகுதிகளாகும்.

1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 இல் 140 ஆசனங்களைப் பெற்றது. இவ்வளவு பெரிய அலையிலும் கொழும்பு மத்தியின் மூன்று ஆசனங்களும் அதற்குக் கிடைக்கவில்லை. பிரேமதாசவும் ஜாபிர் ஏ. காதரும் ஐ.தே.க. சார்பில் வென்றனர். மூன்றாவது ஆசனம் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஹலீம் இஷாக்குக்குக் கிடைத்தது. நாடு முழுவதிலும் அக்கட்சி பெற்ற எட்டு ஆசனங்களுள் இதுவும் ஒன்று. கெனமன் தோல்வியுற்றார். 1947 முதல் ஏழு பொதுத்தேர்தல்களில் தொடர்ந்து வென்றவரின் பயணம் எட்டாவதில் முடிந்தது. இடதுசாரிக் கட்சிகள் அத்தேர்தலில் ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை.

இதே தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து ஐ.தே.க.வின் காமினி திசாநாயக்க, ஸ்ரீ.ல.சு.க.வின் அநுர பண்டாரநாயக்க, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் எஸ். தொண்டமான் ஆகிய மூவரும் தெரிவாயினர். மூன்று ஆசனம், மூன்று கட்சி. பல அங்கத்தவர் தொகுதியின் பயனை விளக்க இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

5. 1978 இன் பின்னர்: தொகுதி இருந்தது, உறுப்பினர் இல்லை

1978 ஆம் ஆண்டின் இரண்டாம் குடியரசு யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையை அறிமுகப்படுத்தியது. பாராளுமன்றத்தின் ஆயுட்காலம் 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு மூலம் நீடிக்கப்பட்டதால், புதிய முறையிலான முதற் பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியிலேயே நடைபெற்றது.

இம்முறையில் நாடு 22 தேர்தல் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 196 உறுப்பினர் மாவட்டங்களிலிருந்தும், 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் தெரிவாகின்றனர். 1976 இல் வகுக்கப்பட்ட 160 தொகுதிகளும் வாக்கெடுப்புப் பிரிவுகளாகத் தொடர்கின்றன. முடிவுகள் தொகுதிவாரியாக அறிவிக்கப்படுகின்றன. கட்சிகள் தொகுதி அமைப்பாளர்களை நியமிக்கின்றன. ஆனால் ஆசனங்கள் மாவட்ட மட்டத்திலேயே பங்கிடப்படுகின்றன. 2024 பொதுத்தேர்தலில் கொழும்பு மாவட்டத்திலிருந்து 18 பேர் தெரிவுசெய்யப்பட்டனர்.

பழைய மூன்று வாக்கும் புதிய விருப்பு வாக்கும்

1988 ஆம் ஆண்டின் 14 ஆவது திருத்தத்தின் மூலம் விருப்பு வாக்கு வந்தது. இன்றும் ஒருவர் மூன்று இலக்கங்களுக்குப் புள்ளடியிடலாம் என்பதால், இதைப் பழைய மூன்று வாக்கோடு சிலர் குழப்பிக்கொள்கின்றனர். வேறுபாடுகள் வருமாறு:

• அன்று மூன்றும் ஆசனத்தைத் தீர்மானிக்கும் வாக்குகள். இன்று ஆசனத்தைத் தீர்மானிப்பது கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ அளிக்கும் ஒரு வாக்கு. விருப்பு வாக்கு அப்பட்டியலுக்குள் யார் தெரிவாவார் என்பதை மட்டுமே தீர்மானிக்கும்.
• அன்று மூன்றையும் ஒருவருக்கே அளிக்கலாம். இன்று ஒரு வேட்பாளருக்கு ஒரு விருப்பு வாக்கை மட்டுமே அளிக்கலாம்.
• அன்று வெவ்வேறு கட்சி வேட்பாளருக்குப் பகிர்ந்தளிக்கலாம். இன்று தாம் வாக்களித்த பட்டியலைச் சேர்ந்தவருக்கே அளிக்கலாம்.
• அன்று களம் ஒரு தொகுதி. இன்று களம் முழு மாவட்டம்.

இதன் விளைவு இருபக்கமானது. மாவட்டமெங்கும் சிதறி வாழும் சிறுபான்மையினர் தமது விருப்பு வாக்குகளை ஒன்று சேர்த்து ஒருவரைத் தெரிவுசெய்யலாம். 2001, 2004, 2015, 2020 தேர்தல்களில் மனோ கணேசன் கொழும்பு மாவட்டத்திலிருந்து தெரிவானமை இதற்கு உதாரணம். ஆனால் இதற்கு உத்தரவாதம் இல்லை. 2024 இல் அவர் மாவட்டத்திலிருந்து தெரிவாகவில்லை. பின்னர் தேசியப் பட்டியல் மூலமே பாராளுமன்றம் சென்றார். மேலும், மாவட்டம் முழுவதும் பிரசாரம் செய்யப் பெருந்தொகைப் பணம் தேவைப்படுகிறது. ஒரே கட்சி வேட்பாளர்கள் தமக்குள்ளேயே மோதிக்கொள்கின்றனர்.

அண்மைக்காலப் போக்குகள்

1977 இன் பின்னர் கொழும்பு மத்தி நீண்ட காலம் ஐ.தே.க.வின் கோட்டையாகக் கருதப்பட்டது. இதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடாது. 1994 ஜனாதிபதித் தேர்தலில் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க 160 தொகுதிகளுள் மகியங்கனை தவிர்ந்த அனைத்திலும் வென்றார். எனவே கொழும்பு மத்தியும் அவருக்கே சென்றது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் இத்தொகுதியில் முதலிடம் பெற்றவர், அதன் முன்னாள் உறுப்பினரின் மகனான சஜித் பிரேமதாச. அதற்கடுத்த 2020 பொதுத்தேர்தலில் ஐ.தே.க.வுக்கு நாடு முழுவதிலும் ஒரு தேசியப் பட்டியல் ஆசனம் மட்டுமே கிடைத்தது. கோட்டை என்பது கட்சிப் பெயரில் அல்ல, மக்களின் நம்பிக்கையில் கட்டப்படுவது என்பதை இது காட்டுகிறது.

6. மதிப்பீடு

பல அங்கத்தவர் தொகுதி முறையின் நன்மைகள்
• கலப்பு இனத் தொகுதியில் ஒரு சாரார் அனைத்தையும் கைப்பற்றுவதைத் தடுத்தது.
• பெரும் அலைகளின் போதும் (1970, 1977) மாற்றுக் கருத்துக்கு இடமளித்தது.
• தொகுதிக்கும் உறுப்பினருக்கும் இடையிலான நேரடித் தொடர்பைப் பேணியது. தண்ணீர்க் குழாய், மலசலகூடம், வீடு எனத் தேவை எதுவாயினும் யாரிடம் செல்வது என்பது வாக்காளருக்குத் தெரிந்திருந்தது.

குறைபாடுகள்
• மிகச் சில தொகுதிகளில் மட்டும் நடைமுறையில் இருந்தமையால், நாடு முழுவதற்குமான பாதுகாப்பாக அமையவில்லை.
• தமது இனத்தவருக்கே மூன்று வாக்குகளையும் அளிக்குமாறு வேட்பாளர்கள் கேட்க வாய்ப்பளித்து, இன உணர்வைத் தூண்டவும் உதவியது.
• மூவர் இருந்தமையால் ஒருவர் மற்றவர் மீது பொறுப்பைச் சுமத்தவும் இடமிருந்தது.
• நாட்டின் ஏனைய தொகுதிகளில் நிலவிய வாக்கு–ஆசன ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவில்லை.

இந்த எண்ணக்கரு முற்றாக மறைந்துவிடவில்லை. 2018 பெப்ரவரி முதல் உள்ளூராட்சித் தேர்தல்களில் நடைமுறையிலுள்ள கலப்பு முறையிலும் பல அங்கத்தவர் வட்டாரங்கள் உள்ளன. பாராளுமன்றத்துக்கும் கலப்பு முறையைக் கொண்டுவர வேண்டும் என்ற ஆலோசனைகள் பல ஆண்டுகளாக முன்வைக்கப்பட்டு வருகின்றன. அவ்வாறு நிகழுமாயின் எல்லைகள் எங்கு வரையப்படும், கொழும்பு மத்தி போன்ற கலப்புப் பகுதிக்கு எத்தனை உறுப்பினர் என்ற பழைய வினாக்கள் மீண்டும் எழும்.

7. மாதிரி வினாவும் விடைக் குறிப்பும்

வினா: "சோல்பரி யாப்பின் கீழான பல அங்கத்தவர் தொகுதிகள் சிறுபான்மைப் பிரதிநிதித்துவத்தை உறுதிசெய்தன." கொழும்பு மத்தித் தொகுதியை ஆதாரமாகக் கொண்டு ஆராய்க.

விடையில் இடம்பெற வேண்டியவை:
(1) அறிமுகம்: பிரதேசவாரிப் பிரதிநிதித்துவமும் சிறுபான்மையினரின் அச்சமும்.
(2) பல அங்கத்தவர் தொகுதி – வரைவிலக்கணம், 1947 இல் அவற்றின் தொகை.
(3) வாக்களிக்கும் முறை – சிறு எண் உதாரணத்துடன்.
(4) ஆதரவான சான்றுகள் – ஜாயா (1947), ராசிக் பரீட் (1952), இஷாக் (1977).
(5) கூற்றின் எல்லை – கெனமன் இன அடிப்படையில் தெரிவாகவில்லை. குடியுரிமைச் சட்டங்களால் வாக்கிழந்தோருக்கு இம்முறை பயனளிக்கவில்லை.
(6) முடிவுரை: ஓரளவு உறுதிசெய்தது, முழுமையாக அன்று.

"ஆராய்க" என்று கேட்டால் இரு பக்கமும் எழுத வேண்டும். (5) ஆவது பகுதியைத் தவறவிடுவோரே அதிகம்.

இறுதியாக ஒரு வார்த்தை. இவ்விளக்கத்தை வாசிக்கும் உங்களிற் பலர் பரீட்சை எழுதும் ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ 18 வயதை அடைவீர்கள். உங்கள் பெயர் தேருநர் இடாப்பில் உள்ளதா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்துப் பாருங்கள். தொடர்மாடிகளுக்கு இடம் மாறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். 1949 இல் இடாப்பிலிருந்து பெயர் நீங்கியவர்களுக்கு மூன்று வாக்கும் இல்லை, ஒரு வாக்கும் இல்லை. அவர்களிடமிருந்து அது சட்டத்தால் பறிக்கப்பட்டது. நாம் அதைக் கவனக்குறைவால் இழந்துவிடக்கூடாது.